இட்லிப் பானையில் மத்தி

அற்புதசாமி சமையலறைத் தரையில் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் அம்மிக்குழவி.

அறுபத்தொரு வயது. இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். டாக்டர்கள் அரும்பாடுபட்டுக் காப்பாற்றிய உயிரை எவனோ ஒரே அடியில் முடித்திருந்தான்!

ஸ்ரீரங்கம், அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு அப்பார்ட்மென்ட். முதல் மாடி. இன்ஸ்பெக்டர் பானுப்ரியா உள்ளே வருவதற்குள் ஏட்டு கலீம் கொலையாளியையே கண்டுபிடித்து முடித்திருந்தார்.

"இவன்தான் மேடம். அருள்ராஜ். செத்தவரோட தங்கச்சி மகன். 12.45க்கு உள்ள வந்தது கேட் கேமராவுல இருக்கு."

"வரும்போதே மாமா இப்படித்தான் கிடந்தாரு மேடம்..." என்றான் அருள்ராஜ். "நான்தான் போலீஸுக்கே போன் பண்ணேன். அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம். லால்குடியிலேர்ந்து பத்திரிகை வைக்க வந்தேன்."

கலீம் பக்கத்து வீட்டுக்காரரின் செல்போனை வாங்கி நீட்டினார்.

"12.40க்கு இவங்க வாட்ஸ்அப் குரூப்ல செகரெட்டரி போட்ட மெசேஜ் பாருங்க மேடம்."

'முதல் மாடியில் மறுபடியும் மீன் வறுக்கிறார்கள். சொய்ங் என்ற சத்தம் என் வீடு வரை கேட்கிறது. நாற்றம் தாங்கவில்லை.'

"அப்போ 12.40க்குப் பெரியவர் உயிரோட இருந்திருக்காரு. அப்புறம் வந்தது இவன் ஒருத்தன்தான்."

விலங்கு தயாராக இருந்தது. கல்யாண மாப்பிள்ளைக்கு அரசாங்கம் போடும் காப்பு!

பானுப்ரியா அடுப்பைப் பார்த்தார். மேலே இட்லிப் பானை. மூடியைத் தூக்கினார்.

வாழை இலையில் சுற்றிய மத்தி மீன்கள்... ஆவியில் வெந்து, இன்னும் சூடு ஆறாமல்.

வாணலி ஆணியில் காய்ந்து தொங்கியது. வீட்டில் தேடியும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஃப்ரிட்ஜ் கதவில் டயட்டீஷியன் எழுதிக்கொடுத்த காகிதம். நேற்றைய தேதி.

'மத்தியில் ஒமேகா-3 கொழுப்பு நிறைய. இதயத்துக்கு நல்லது. எண்ணெயில் வறுத்தால் அந்த நல்ல கொழுப்பு குறையும். ஆவியில் வேக வைக்கவும்.'

"செகரெட்டரியைக் கூப்பிடுங்க."

இரண்டாம் மாடி கோதண்டம் இறங்கி வந்தார். மீன் நாற்றத்தை எதிர்த்து இதுவரை இருநூறு மெசேஜ் போட்ட போராளி. பானுப்ரியா அவரைச் சமையலறை கண்ணில் படாத மாடிப்படியிலேயே நிறுத்தினார்.

"இவர் வீட்டுக்குள்ள வந்திருக்கீங்களா சார்?"

"கவிச்சி வீட்டு வாசப்படியைக்கூட மிதிச்சதில்லம்மா. நான் சுத்த சைவம்."

"இன்னிக்கு அவர் மீனை வறுக்கவே இல்ல சார். ஆவியில வேக வெச்சிருக்காரு."

"அப்போ அந்த இட்லிப் பானைல..."

பாதியில் நிறுத்தினார் கோதண்டம்.

"எந்த இட்லிப் பானை சார்? நான் பானையைப் பத்திப் பேசவே இல்லையே."

கோதண்டம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரத்தத்துல ட்ரைகிளிசரைடு கொழுப்பு நானூறும்மா. டாக்டர் வாரத்துக்கு ரெண்டு நாள் மத்தி சாப்பிடச் சொன்னாரு. எங்க வீட்ல நடக்குமா? திருட்டுத்தனமா இங்க வந்துதான் சாப்பிடுவேன். சந்தேகம் வரக்கூடாதுன்னுதான் அத்தனை மெசேஜும்..."

"கொலை எதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல மீனுக்குத் தடை போடுறதா இருந்தேன். 'போட்டா, நீ மீன் தின்ன போட்டோவ குரூப்ல போட்டுடுவேன்'னாரு. கை குழவிக்குப் போயிடுச்சு."

"அடிச்சிட்டு மேல போய், அவர் உயிரோட இருக்கிற மாதிரி ஒரு மெசேஜ். அப்படித்தானே?"

"எப்பவும் வறுக்கிற மனுஷன்மா... இன்னிக்குன்னு பார்த்து டயட்டுக்கு மாறுவாருன்னு யாரு கண்டா?"

செத்தவர்மீது அவருக்கு நியாயமான வருத்தம்!

விலங்கிலிருந்து அருள்ராஜின் கை தப்பியது. மாமாவின் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

ஜீப்பில் ஏற்றும்போது கலீம் கேட்டார்.

"ஜெயில்ல கேப்பாங்க சார். சாப்பாடு சைவமா, அசைவமா?"

கோதண்டம் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அசைவம்னே போடுங்க. எங்க வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க."