தெரியாத முகவரிக்கு ஒரு வழி

நாமகிரி தப்பாகத் தட்டியது ஒரே ஓர் எண்ணைத்தான். ஆனால் அந்தத் தப்பான முகவரியிலிருந்தும் பதில் வந்தது.

வரக்கூடாது. மறுநாள் கல்லூரியில் அவளுடைய மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. அதற்காகக் கம்ப்யூட்டரில் அவள் போட்டு வைத்திருந்தது வெறும் பொம்மை நெட்வொர்க். ஒயர் கிடையாது, போன் இணைப்பு கிடையாது. திரையில் நாலு பெட்டி, பெட்டிக்கொரு முகவரி எண், நடுவே கோடு, அவ்வளவுதான். பிள்ளைகளுக்குச் சுலபமாகப் புரியட்டுமென்று பெட்டிகளுக்கு வீட்டுப் பெயர்களையே வைத்திருந்தாள்: தெரு, வாசல், கூடம், ஸுஷ்மா அறை. இல்லாத முகவரியைக் கூப்பிட்டால் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பதில் இல்லை என்று கைவிரிக்க வேண்டும். இது கூப்பிட்ட வாய் மூடுமுன் 'இருக்கிறேன்' என்றது.

விளக்கு வைக்கிற நேரம். சின்ன காஞ்சிபுரமே கோயிலுக்குப் போயிருந்தது. கணவன் யதிராஜனும் கோஷ்டியில் பிரபந்தம் சேவிக்கப் போயாயிற்று. மழை விட்ட தெருவில் ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டுகிற சத்தமும், தூரத்து மேளம் காற்றில் அறுந்து அறுந்து வருவதும், பின்னறையில் தூங்குகிற ஏழு வயது மகள் ஸுஷ்மாவின் மூச்சும் தவிர வேறு அரவம் இல்லை.

எந்த வழியாகப் பதில் வருகிறது என்று கேட்டுப் பார்த்தாள்.

'தெரு' என்றது திரை.

தெருவுக்கு அப்பால் அவள் எதையும் போடவே இல்லையே. தெருப் பெட்டியைத் திறந்து வழிகளைப் பார்த்தாள். கடைசி வரி கண்ணில் பட்டது: தெரியாத முகவரி எதுவானாலும் ஸுஷ்மா அறைக்கு அனுப்பு.

மத்தியானம் மடியில் உட்கார்ந்துகொண்டு குழந்தை பிடித்த பிடிவாதம் அது.

"எல்லாரும் என் ரூமுக்குத்தான் வரணும்மா."

"யாருன்னே தெரியாதவாளுமா?"

"அவாளுந்தான். பாவம், வேற எங்கே போவா?"

சிரித்துக்கொண்டே எழுதி, அவள் அறையின் நம்பரையும் சொல்லிக் கொடுத்தவள், அந்த வரியை அழிக்க மறந்துவிட்டாள். இப்போது அழித்தாள். மறுபடி வழி கேட்டாள்.

'தெரு. வாசல்.'

வெளியே இரும்புக் கதவின் கொண்டியை யாரோ மெதுவாகத் தூக்கினார்கள்.

"ஏன்னா, வந்துட்டேளா?"

எட்டிப் பார்த்தாள். வாசற்கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. விரல் தானாக மறுபடி தட்டியது.

'தெரு. வாசல். கூடம்.'

அவள் உட்கார்ந்திருந்தது கூடத்தில்.

பாசி படிந்த படித்துறை வாசனை. பிடரியில் ஈரம். காலடிச் சத்தம் இல்லை. நாற்காலிக்குப் பின்னால் ஏதோ வந்து நின்றது. பிறகு பின்னறைப் பக்கம் நகர்ந்தது. பிளக்கைப் பிடுங்கினாள். திரை செத்தது. வாசனை போகவில்லை.

பின்னறையிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, யாரும்மா இது?"

"யாரும் இல்லடி. எழுந்து இங்கே வா."

"என் நம்பரைக் கேக்கறாம்மா."

வகுப்பில் தினம் அவளே சொல்வதுதான்: ஒரு முகவரி ஒருத்தருக்குத்தான். இரண்டு பேர் அதையே சொன்னால் ஒருத்தர் வெளியே போயாக வேண்டும்.

"சொல்லாதே கண்ணா. ஒண்ணும் சொல்லாதே."

"சொல்லிட்டேனே."

ஓடினாள். கட்டிலில் ஸுஷ்மா உட்கார்ந்திருந்தாள். அவிழ்ந்த பின்னல். பச்சைப் பாவாடை. கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம். எல்லாம் சரியாக. அள்ளப்போன கை பாதியில் நின்றது.

"ஸுஷ்மா?"

"அம்மா" என்றது கட்டில்.

"அம்மா" என்றது வாசல்.

கதவை உள்ளங்கை தட்டியது. தாழ்வாக. ஒரு குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில்.

"தாழ்ப்பாளைத் தொறம்மா. இங்கே யார் யாரோ நிக்கறா. நேக்குப் பயமா இருக்கு."

நாமகிரி வாசல் பக்கம் திரும்பினாள். மணிக்கட்டைச் சின்னக் கை ஒன்று பற்றியது.

"தொறக்காதேம்மா." குரலில் கெஞ்சல் இல்லை, சமாதானம் இருந்தது. "முதல்ல அப்படித்தான் இருக்கும். நானும் ரொம்ப நாள் தட்டினேன். அப்புறம் பழகிடும்."

தட்டுகிற சத்தம் வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கியது. தெருவிலிருந்து அதற்கும் அப்பால். எங்கோ ஒரு கதவில், பிறகு இன்னும் தூரத்துக் கதவு ஒன்றில், அம்மா, அம்மா.

கட்டிலில் இருந்தது மணிக்கட்டை விடாமலே சுவரோரம் நகர்ந்து, தன் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டது.