இருளறையில் ஒரு பச்சை முள்

"தெரியுதுங்களா?"

"எதுங்க?"

"முள்ளு ரெண்டும். அப்புறம் பன்னெண்டு, மூணு, ஆறு. பச்சையா."

"இல்லீங்க அக்கா."

"அவசரப்படாதீங்க, கண்ணு பழகட்டும்," என்றாள் நித்திலா. "பகல்விழியை அணைச்சிட்டுத்தானே உள்ள வந்தீங்க?"

எதிர் நாற்காலியில் இருந்தவன் நெளிவது கேட்டது. "ஆச்சுங்க."

கோயம்புத்தூரில் தெருவிளக்குகளைப் பிடுங்கி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிற கையோடு விழித்திரையில் பகல்விழிச் சில்லையும் பதித்துவிடுகிறார்கள். அதன்பின் அந்தக் கண்ணுக்கு இரவு கிடையாது; அமாவாசையன்றும் ஊசியில் நூல் கோக்கலாம். நித்திலாவின் கண்கள் மட்டும் சில்லை ஏற்கவில்லை. இருமுறை பதித்தார்கள், இருமுறையும் சீழ் வைத்து எடுத்தார்கள். பொழுது சாய்ந்தால் அவளுக்கு ஊரே சாத்திய கதவு. டார்ச் அடித்து நடந்தால், கண் கூசுகிறதென்று எதிரே வருகிறவர்கள் ஏசுவார்கள்.

அந்தக் கண்களை வைத்தே அவள் பிழைத்தாள். விலையுயர்ந்த பழைய சுவிஸ் கைக்கடிகாரங்களில் எண்கள்மேல் பூசியிருக்கும் ஒளிப்பசை நாளடைவில் செத்துப்போகும். அதைச் சுரண்டி, புதுப்பசையை ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு நிரப்புவாள். பகலில் பார்த்தால் அதே பழைய தேன்நிறம் இருக்கவேண்டும். வேலை முடிந்ததும் விளக்கடியில் வைத்து ஒளி குடிக்கவிட்டு, உரியவரோடு இந்த இருளறையில் உட்கார்ந்து பார்ப்பது கடை வழக்கம். கதவிலேயே பலகை உண்டு: பகல்விழியை அணைத்துவிட்டு வரவும். எல்லோரும் அணைத்துவிட்டு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் "அடடா!" என்றார்கள்.

அந்த அடடாவைத்தான் அவள் மனதுக்குள் வீட்டுக்கு எடுத்துப்போவாள். வெளியே அவள் குறைக்கண்காரி. இந்த அறைக்குள் மட்டும் அவள் பார்ப்பதையே இன்னொருவரும் பார்த்தார்.

"இப்பங்க?"

"இல்லீங்க," என்றான் பிரணேஷ். கடிகாரம் அவன் அப்பாவுடையது. "அம்மா போனதுக்கப்புறம், ராத்திரி முழிப்புத் தட்டுனா அப்பா இதையேதான் பாத்துட்டுக் கிடப்பாரு; அவரு பகல்விழி பதிக்காத ஆளுங்க. அப்படி என்னத்தப் பாத்தாருன்னு எனக்கும் ஒருக்கா பாக்கோணும்."

அவள் கைக்குள் முட்களும் எண்களும் ஈரத் தளிர்போல ஒளிர்ந்தன. இதைவிட நன்றாக அவள் எதையும் பூசியதில்லை. அதுவும் தெரியவில்லை என்கிறான். இருட்டுதானே என்று கண்ணீரை வழியவிட்டாள்.

"அக்கா, அழுகாதீங்க. கடியாரம் நல்லாத்தான் இருக்குது."

நித்திலாவின் கை முகத்துக்குப் பாதிவழியில் நின்றுவிட்டது.

"என்னைத் தெரியுதா உங்களுக்கு?"

"தெரியுதுங்களே." குரலில் சங்கடம். "இப்ப பதிக்கற பகல்விழியில அணைக்கறதுக்கு வழியே இல்லீங்க. பழைய சில்லுலயும் அதை எடுத்து ரொம்ப வருசமாச்சு. இந்த அறையும் எனக்கு வெளிச்சமாத்தான் இருக்குது. வெயில்ல வெச்ச அகல் மாதிரி அது தெரியறதில்லை."

"அப்ப எல்லாரும் அணைச்சாச்சுன்னு சொன்னது?"

"கோயில் வாசல்ல செருப்பை விடற மாதிரி, கடையில ஒரு சாங்கியம்னு நெனச்சுட்டோமுங்க. முன்னாடி இங்க வந்துட்டுப் போன சித்தப்பாதான் சொல்லி உட்டாரு, போனதும் ஆச்சுன்னு சொல்லு, கடைசில அடடா போடு, அந்தம்மா சந்தோசப்படும்னு. ஆச்சுன்னு சொல்லிட்டேன், அடடா மட்டும் பொய்யா வரலீங்க. நெசமாவே பாக்கலாம்னு நம்பி வந்துட்டேன்."

எத்தனை பேர்! மின்மினி மாதிரி என்று சொன்ன நகைக்கடைக்காரர், மூச்சைப் பிடித்துக்கொண்ட அந்த டாக்டரம்மா. கடிகாரத்தை முகத்தருகே வைத்து அவள் குழந்தைபோலச் சிரித்ததை, சில சமயம் கன்னத்தில் ஒற்றிக்கொண்டதைப் பட்டப்பகலில் பார்ப்பதுபோல எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவள் பார்த்ததை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

எழுந்து கதவைத் திறந்துவிடலாமா என்று நினைத்தாள். கையிலிருந்த வெளிச்சம் அவளை விடவில்லை.

"எப்படி இருக்குதுன்னு நீங்களாவது சொல்லுங்கக்கா," என்றான் அவன்.

"பச்சை," என்று தொடங்கினாள். "இல்ல, பச்சைன்னும் சொல்ல முடியாது. சுத்தி ஒண்ணுமே இல்லாதப்பதான்..." அவனுக்குச் சுற்றி ஒன்றுமே இல்லாமல் போனதே கிடையாது.

கையை நீட்டித் துழாவி, அவன் உள்ளங்கையைக் கண்டுபிடித்து, கடிகாரத்தை அதில் வைத்து மூடினாள். பச்சை மறைந்தது. இப்போது அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அவன் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கண்கள் எங்கே இருக்கின்றன, எதுவும்.

"தம்பி," என்றாள். "கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டு எங்கூட உக்காந்திருக்கறீங்களா?"