மூச்சு வாங்காத ஓட்டம்

பத்தாவது நாள் குணசேகருக்கு மூச்சு வாங்கவில்லை.

அதற்கு முந்தைய ஒன்பது நாளும் அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. சர்க்கரை ஏறிவிட்டது, சாயங்காலத்தில் ஓடுங்கள் என்று டாக்டர் சொன்ன பேச்சைக் கேட்டு, பொம்மனஹள்ளியில் வீட்டுச் சந்துக்கு எதிரிலேயே இருந்த ஏரிக்கரைப் பாதையில் இறங்கியவன், நாற்பத்தேழு வயது உடம்பு என்னவெல்லாம் செய்யும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டான். கால் சுற்று முடிவதற்குள் தொண்டை காய்ந்து நாக்கில் இரும்பு ருசி தட்டும். வலது விலாவில் ஊசி இறங்கும். கெண்டைக்கால் கல்லாய் இறுகும். ஏரியின் சாக்கடை நாற்றத்தை வாய் நிறைய விழுங்கிக்கொண்டு, கம்பிவேலியைப் பிடித்துக் குனிந்து நிற்பான்.

பத்தாவது நாள் அது ஒன்றுமே இல்லை. ஒரு சுற்று, இரண்டு, மூன்று. நின்று மார்பில் கை வைத்துப் பார்த்தான். ஃபேனுக்கு அடியில் படுத்துக் கிடப்பவனுடைய நெஞ்சைப் போல அது நிதானமாக அடித்தது.

வீட்டுக்கு வந்தபோது, மனைவி விஜி சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் ரசம் வழிந்து தீய்ந்திருந்தது.

"இன்னா ஆச்சு விஜி?"

"தெரியலங்க. சும்மா நின்னுக்கினுதான் இருந்தன். திடீர்னு விலாவுல குத்துது. மூச்சே வுட முடில."

அவளுடைய நைட்டி முதுகெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது.

"கேஸ் ப்ராப்ளமா இருக்கும். ஓமத்தண்ணி குடி" என்றான்.

மறுநாள் அவன் நான்கு சுற்று ஓடினான். விஜி ராத்திரி முழுக்கக் கெண்டைக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த நாள் அவளுடைய பாதத்தைப் பார்த்தான். புது ஷூ அவன் வலது குதிகாலைக் கடிப்பது முதல் நாளிலிருந்தே உண்டு. இப்போது அவன் குதிகாலில் கீறல்கூட இல்லை. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் விஜியின் வலது குதிகாலில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்து தொங்கியது.

அவனுக்கு அன்றே தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஓடினான். கேஜிஎஃப்பிலிருந்து ரயில் பிடித்து வேலைக்கு வர ஆரம்பித்து, இருபது வருஷம் கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் நின்றே தேய்ந்த உடம்பு அது. முதல்முறையாக அது எடையில்லாமல் காற்றில் போனது. அதை விட மனம் வரவில்லை. ஐந்து சுற்று. ஆறு. ஒரு வாரத்தில் விஜியின் கன்னம் ஒட்டிப்போனது. மைசூரில் படிக்கும் மகள் ஆஷா போனில், "அம்மா வாய்ஸ் ஏம்ப்பா இப்டி இருக்கு?" என்று கேட்டபோதுதான் பயந்து நிறுத்தினான்.

மூன்று நாளில் விஜி எழுந்தாள், சமைத்தாள், சீரியல் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் தன் மனப்பிரமையாக இருக்குமோ என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியது என்பதைவிட, அப்படித் தோன்ற வேண்டும் என்று கால்கள் தினவெடுத்தன.

நான்காம் நாள் சாயங்காலம் ஷூவை எடுத்தான்.

"ஒரே ஒரு ரவுண்டு. நீ சேர்லயே உக்காரு. போனைக் காதுலயே வெச்சிக்க. எதுனா ஆச்சின்னா சொல்லு, நின்னுட்றன்."

"நீங்க ஓட்றதுக்கும் எனக்கும் இன்னாங்க சம்பந்தம்?"

அவன் குனிந்து லேஸைக் கட்டினான்.

ஏரியின் மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஓசூர் ரோட்டின் ஹாரன் சத்தம் ஆகாயத்தாமரைக்கு அப்பால் அமுங்கிப்போய், தவளைகள் ஒவ்வொன்றாகத் தொடங்கின. காதில் மாட்டிய இயர்போனில் விஜியின் மூச்சு கேட்டது. முதலில் மெல்ல. பிறகு இழுத்து. பாதிச் சுற்றில், வீட்டுக்கு நேர் எதிர்க்கரையில், அது கிழிந்த துணி காற்றில் அடிப்பதுபோல ஆனது.

"நிறுத்துங்க..."

நின்றான்.

மூச்சு நிற்கவில்லை.

"விஜி, நான் நின்னுட்டன்."

"இல்ல... ஓட்றீங்க."

"சத்தியமா நிக்கறன்மா."

"இல்ல... இன்னும்... ஓட்றீங்க."

குனிந்து கால்களைப் பார்த்தான். இரண்டும் தரையில் இருந்தன. அசைவில்லாமல். இயர்போனில், அவள் மூச்சுக்குப் பின்னால், இன்னொரு சத்தம். தப். தப். தப்.

வீட்டுக்கு ஓடத் தாவினான். ஒரே எட்டுதான். விஜி அலறினாள்.

ஓடக் கூடாது. நடக்க வேண்டும்.

"கீழ் வூட்டு ரோஸி அக்காவக் கூப்பிட்றன். ஒரு நிமிஷம் கட் பண்றன்."

"வேணாம்... கட் பண்ணாதீங்க... தனியா வுட்டுடாதீங்க..."

நடந்தான். தண்ணீருக்கு அந்தப் பக்கம் அவன் வீட்டு ஜன்னல் தெரிந்தது. பாதி ஏரியைச் சுற்ற வேண்டும். குழந்தை நடப்பதுபோல அடிமேல் அடி வைத்தான். அப்படியும் அவளுடைய மூச்சு ஏறிக்கொண்டே போனது. பேச்சு நின்றுவிட்டது. தப் தப் மட்டும் வேகம் பிடித்தது. கேட்டில் காவல்காரர் விசில் ஊதி, பூட்டும் நேரம் என்று கையசைத்துக் கன்னடத்தில் கத்தினார்.

"சார், டைம் ஆய்து! பேக பன்னி, பேக!"

சீக்கிரம் வர வேண்டுமாம். அவன் இன்னும் மெதுவாக நடந்தான்.

ரோட்டைக் கடந்தான். சந்து. ரோஸி வீடு பூட்டியிருந்தது. மாடிப்படி.

ஏழாவது படியில் மூச்சுச் சத்தம் நின்றது.

"விஜி?"

பதில் இல்லை. ஆனால் நின்றுவிட்டது. சரியாகிவிட்டது. ஆயாசத்தில் உட்கார்ந்திருப்பாள். கண் கலங்க இயர்போனைக் கழற்றினான்.

தப். தப். தப். தப்.

கதவுக்குப் பின்னால்.

திறந்தான்.

டியூப்லைட் வெளிச்சத்தில் விஜி சேரில் உட்கார்ந்திருந்தாள், அவன் உட்காரச் சொன்ன இடத்திலேயே, போனைக் காதோடு வைத்தபடி. கண்கள் திறந்து அவனைப் பார்த்தன. மூக்கருகே விரல் வைத்தான். காற்று இல்லை. கழுத்தைத் தொட்டான். துடிப்பு இல்லை.

நைட்டிக்குக் கீழே அவளுடைய கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. டைல்ஸ் முழுக்கச் சிவப்பு.

மண்டியிட்டு விழுந்து, இரண்டு கணுக்காலையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான்.

அவன் பிடிக்குள் அவை வேகம் கூடின.