முன் இடது டயரின் காற்று

வால்விலிருந்து வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது.

டெல்பர்ட் நீமன் கையுறையைக் கழற்றிவிட்டு விரலை மறுபடி நீட்டிப் பார்த்தான். வெளியே நெப்ராஸ்காவின் ஜனவரி, மதியத்திலேயே வெளிச்சம் செத்துக் கிடந்தது. கொட்டகைக்குள் அவன் விடும் மூச்சு வெள்ளைப் புகையாக முகத்தின் முன்னால் தொங்கியது. இந்தக் குளிரில் டயரைத் திறந்தால் சீறி வரும் காற்று விரலை மரத்துப்போக வைக்கும்; வால்வின் வாயில் பனிப்பொடி பூக்கும். காலமெல்லாம் டயரோடு மல்லுக்கட்டியவனுக்கு இதுகூடத் தெரியாதா? ஆனால் இந்தக் காற்று காய்ச்சல்காரன் விடும் மூச்சு மாதிரி விரல்களுக்கு நடுவே வழிந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது.

பயமில்லை, எரிச்சல்தான் வந்தது. பழைய லாரிப் பித்தர்களைக் கண்டாலே அவனுக்கு அப்படித்தான். பெண்டாட்டியின் பிறந்தநாள் மறந்துபோகும். லாரிக்கு மெழுகு போடும் நாள் மறக்காது. எல்லாம் 'அசலாக' இருக்க வேண்டும், ரிம் உட்பட. அந்த அசல் ரிம்மோ இரண்டு துண்டு. நடுவில் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருக்கும். கவ்வும் இடத்தைத் துரு தின்றிருக்கும். காற்றடிக்கும்போது தெறித்தால், தலை இருந்த இடத்தில் தலை இருக்காது. டயர்க் கடைகளில் அதற்குப் பெயரே விதவையாக்கி. மாற்றித் தொலையுங்கள், இல்லாவிட்டால் இரும்புக் கூண்டுக்குள் வைத்தாவது காற்றடியுங்கள் என்றால் சிரிப்பார்கள்.

ஓரின் ஹ்ருஸ்கா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன். போன அக்டோபரில், காற்று ஏறிக்கொண்டிருந்த ரிம்மைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்யப் பார்த்தான். அது தெறித்து டயரைக் கிழித்தது, அவனும் போய்விட்டான்.

"ரிம்ம தட்டினதுக்கு நேரா நெத்தியிலயே தட்டிக்கிட்டிருக்கலாம். டயராவது மிஞ்சியிருக்கும்" என்று டெல்பர்ட் காபிக் கடையில் சொன்னபோது மற்றவர்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். சிரிப்பை அடக்குகிறார்கள் என்று அவன் நினைத்தான்.

இப்போது ஓரினின் மனைவி ஆல்மா அவனுடைய சிவப்பு லாரியை விற்கிறாள். பழைய ரிம்மோடு வண்டியைத் தொட மாட்டேன் என்று வாங்குகிறவன் கறாராகச் சொல்லிவிட்டான். காலையிலிருந்து டெல்பர்ட் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரே வார்ப்பில் செய்த புது ரிம்களை மாட்டி முடித்துவிட்டான். முன் இடது மட்டும் பாக்கி. அதன் அருகில் வந்தபோதுதான் ஆல்மா குறுக்கே நின்றாள்.

"இதை மட்டும் காத்தோட அப்படியே கழட்டிக் குடுத்துடு, டெல்பர்ட்."

"காத்தோட கை வெச்சா உங்க வீட்டுக்காரர் போன இடத்துக்கு நானும் போக வேண்டியதுதான், மிஸஸ் ஹ்ருஸ்கா."

அவள் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னாள். அன்றைக்கு அவள் டவுனிலிருந்து திரும்பியபோது கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்ததாம். அது காற்றை உறிஞ்சும் வாயில் முகத்தைப் பதித்தபடி ஓரின் கிடந்தானாம். உயிர் இருந்ததாம், கொஞ்ச நேரம்.

"அவர் விட்ட மூச்செல்லாம் டாங்குக்குள்ள போயிடுச்சு. வெளிய விட மனசு வரல. காத்து கம்மியா இருந்த இந்த டயர்ல அடிச்சு வெச்சுட்டேன்."

கேட்டதும் டெல்பர்ட்டுக்குச் சிரிப்பு முட்டியது. கிழவிக்கும் முற்றிவிட்டது. பத்திரமாகக் கழற்றித் தருகிறேன், போய்க் காபி போடுங்கள் என்று அனுப்பி வைத்தான். கதவு சாத்தியதும் முதல் வேலையாகக் காற்றை அடைத்திருக்கும் வால்வு பின்னைத் திருகி எடுத்தான். ரிம்மில் கை வைக்குமுன் காற்றை இறக்கு. தொழிலின் முதல் பாடம் அது. ஒரு டயர் காற்றுக்குப் போய் ஒப்பாரியா?

காற்று இறங்கியது. லாரியின் மூக்கு இடப்பக்கம் மெல்லச் சரிந்தது. ரப்பர் மடிந்து மடிந்து தரையில் பரவி, கடைசியில் ரிம்மே சிமெண்டில் உட்கார்ந்தது. இனி உள்ளே ஒரு பொட்டுக் காற்றுக்கு இடமில்லை.

சீறல் நிற்கவில்லை.

டெல்பர்ட் சக்கரத்தின் எதிரே மண்டியிட்டுக் காதைக் கொடுத்தான். ஓரின் ஓயாமல் மெல்லும் புதினாப் புகையிலையின் நெடி அடித்தது. அதற்கடியில் வேறொன்று, நாணயத்தை நாக்கில் வைத்தது போன்ற ருசி, தொண்டைவரை இறங்கியது. தகரக் கூரையில் பனி சரியும் ஓசை. தூரத்தில் சோளக்கிடங்கின் காற்றாடி உறுமல். இவற்றுக்கு நடுவே அந்தச் சீறல். வந்தது. நின்றது. வந்தது. ஒவ்வொரு முறையும் நிற்பதற்கு முன் கொஞ்சம் ஈரமாகக் கரகரத்தது.

"டியூப்ல தண்ணி தேங்கியிருக்கு" என்று சத்தமாகச் சொன்னான். தன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

அப்புறம் ஒரு நீண்ட நிறுத்தம். முடிந்தது என்று ஜாக்கியை எடுக்கக் கை நீட்டினான்.

தரையில் கிடந்த மரத்தூள் நகர்ந்தது, வால்வை நோக்கி.

ஒரு துகள், பின்னால் இன்னொன்று. கழற்றிப்போட்ட கையுறையின் விரல்கள் அந்தப் பக்கம் திரும்பின. அவன் மூச்சு விட்டான். வழக்கம்போல் மேலே கலைய வேண்டிய வெண்புகை கலையவில்லை. நூலாக இழுபட்டது. வளைந்தது. வால்வுக்குள் போனது.

வாயை மூடிக்கொண்டான். மூக்கிலிருந்து போனது.

எழுந்திருக்க வேண்டும். கால் கேட்கவில்லை. உள்ளே இழுக்கப் பார்த்தான். நெஞ்சு விரிந்தது, எதுவும் வரவில்லை. வெளியே போவது மட்டும் நிற்கவில்லை. வெள்ளையாக. இழை இழையாக. டயரின் மடிப்புகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. லாரியின் மூக்கு உயர்ந்தது. துருப்பிடித்த ரிம் நடுக்கோட்டில் முனகியது.

கதவு திறந்தது. குளிர். காபி வாசம்.

ஆல்மா கோப்பையை லாரியின் படிமேல் வைத்தாள். அவனைப் பார்த்தாள். டயரைப் பார்த்தாள். நின்று யோசிக்கவில்லை. அவன் விரல்களைப் பிரித்து வால்வு பின்னை எடுத்துக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டாள்.

காப்பாற்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அந்தச் சொல்லும் உள்ளே போனது.

"திமிறாத, டெல்பர்ட்" என்றாள், பல் பிடுங்க உட்கார்ந்த பிள்ளையிடம் பேசுவதுபோல. "உன்னோட சேந்து அவரும் திரும்பிப் போறாரு. இன்னும் கொஞ்சந்தான்."

அவள் பின்னை வால்வின் வாயருகே பிடித்தபடி காத்திருந்தாள். கடைசி வெள்ளை இழை உள்ளே நுழைந்து மறைந்ததும், சிந்திவிடக் கூடாதே என்ற அக்கறையோடு திருகினாள்.

ஒரு சுற்று. இன்னொன்று.

திருகும் ஓசை டெல்பர்ட்டுக்கு நன்றாகக் கேட்டது. உள்ளிருந்து கேட்டது.

இருட்டு. நாலா பக்கமும் வெதுவெதுப்பான ரப்பர். கொஞ்சம் நகர்ந்து உட்காருவதுபோல், அவனுக்கு மிக அருகில் யாரோ அசைந்தார்கள்.