மூன்று தட்டு

எல்லோரும் கரையேறிய பிறகும் நாணலுக்குள்ளிருந்து பதில் வந்தது.

டொக். டொக்.

தையலக்கா ஒரு காலை ரப்பர் பூட்ஸிலிருந்து பாதி உருவிய நிலையில் அப்படியே நின்றுவிட்டாள். ஓடையைச் சுத்தம் செய்யும் கூட்டத்தில் அவளுக்கு அதுதான் பெயர். தைப்பது தொழில், கூட்டத்தின் கிழிந்த கையுறைகளையெல்லாம் ஒட்டுப்போட்டுத் தருவது தொண்டு. சற்றுமுன்தான் போஸ்ட்மேன் அண்ணன், வேலை முடிந்ததற்கு அடையாளமாக, அரிவாள் பிடியால் தன் மூங்கில் கழியில் இரண்டு தட்டுத் தட்டியிருந்தார். ஆளை மறைக்கும் நாணலுக்குள் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது என்பதால் வைத்துக்கொண்ட வழக்கம் அது. இரண்டு தட்டினால், 'நான் நல்லா இருக்கேன், நீ?' கேட்டவர் திருப்பி இரண்டு தட்ட வேண்டும். மூன்று தட்டினால், 'வா.' தட்டியவர் இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. கேட்டவர்கள் அத்தனை பேரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வர வேண்டும். வந்து தட்டியவரின் தோளில் கை வைக்கும் வரை வழியில் நிற்கக் கூடாது.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனே அவள் கணவன்தான். நெட்டைக் கால்களோடு எந்நேரமும் தண்ணீரில் நின்றதால் கூட்டம் அவனுக்கு வைத்த பெயர் கொக்கு. யார் மூன்று தட்டினாலும் முதல் ஆளாகப் போய் நிற்பான். தான் மட்டும் ஒரு நாளும் மூன்று தட்டியதில்லை. பாம்பு கடித்த அன்றுகூட இரண்டே தட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே கரைக்கு வந்து சேர்ந்தான். போன மழையில் ஆகாயத்தாமரை பாலத்தின் வாயை அடைத்து, தண்ணீர் வீடுகளுக்குள் ஏற ஆரம்பித்தபோது, அதை இழுத்துவிட்டு வருகிறேன் என்று போனான். போனவன் போனவன்தான். கழிகூடக் கிடைக்கவில்லை.

"கேட்டுச்சா?" என்றாள்.

"என்னதுக்கா?" டீச்சர் கையுறையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"உள்ள இருந்து. ரெண்டு."

டீச்சர் கரையைச் சுற்றிப் பார்த்தாள். "எல்லாரும் இங்கதானே இருக்கோம். மரங்கொத்தியா இருக்கும்க்கா. நாம நட்ட மரத்துக்கெல்லாம் இப்ப குடித்தனம் வர ஆரம்பிச்சாச்சு."

போஸ்ட்மேன் அண்ணன் சிரிக்கவில்லை. "வீட்டுக்குப் போம்மா. இந்த ஓடை பழசு. பாலம் வர்றதுக்கு முன்னாடியிருந்தே ஆள் வாங்கிட்டிருக்கு. குளிக்க வந்த பிள்ளைங்க, துணி துவைக்க வந்தவங்க... கொக்கு மட்டுமா போனான்? சத்தம் கேட்ட பக்கமெல்லாம் திரும்பாதே."

"நாளைக்குத் தூர்வார்ற மெஷின் வருதில்லண்ணே?"

"விடிஞ்சதும் வந்துரும். ஆகாயத்தாமரையில கடைசித் திட்டு, அதையும் வாரிட்டா ஓடை பளிச்சுன்னு ஓடும். அவன் ஆசைப்பட்டது அதானே."

அவள் தலையாட்டினாள். அந்தப் பச்சைத் திட்டை வாரினால் அடியில் அவன் இருப்பான். இல்லை, இருக்க மாட்டான். எதுவானாலும், எங்கேயாவது இருப்பான் என்று இத்தனை நாள் ஒட்டிக்கொண்டிருந்த நினைப்பு நாளையோடு தீர்ந்துவிடும்.

அவள் வீடு ஓடைக்கு அடுத்த தெருவில், மாடியில். ஜன்னலோரம் தையல் மெஷின், மூலையில் வெட்டுத் துணி மூட்டை, சுவரில் ஆணியில் தொங்கும் அவனுடைய மழைக்கோட்டு. கையுறைகளைக் கொட்டியதும் சேறும் அழுகிய இலையும் கலந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. அவன் போட்டுக் கழற்றிய சட்டையிலெல்லாம் அடித்த வாசனை. மூக்கைச் சுளித்துக்கொண்டு துவைத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது விளக்கைப் போடாமல், கிழிசல் கையுறை ஒன்றை முகத்தருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டொக். டொக்.

ஜன்னலுக்கு வெளியே கூரைகள், அதற்கப்பால் நாணலின் கறுத்த விளிம்பு. வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. தினமும் இந்த நேரத்துக்குத்தான் தட்டுவான். அவள் கத்திரிக்கோலால் ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டிவிட்டு டீக்குத் தண்ணீர் வைப்பாள். டீ கொதிக்கும்போது படியில் ஈர பூட்ஸ் சத்தம் கேட்கும்.

கத்திரிக்கோல் கைக்கு வந்தது. அவள் எடுத்ததாக நினைவில்லை.

டிங். டிங்.

உடனே, காத்திருந்ததுபோல, டொக். டொக்.

"டீ போடட்டுமா?" என்று கேட்டுவிட்டாள். தன் குரலைக் கேட்டதும் அழுகை பொங்கியது. அழுதுகொண்டே தட்டினாள். பதில் வந்தது. மறுபடியும் தட்டினாள். நல்லா இருக்கேன், நீ? நல்லா இருக்கேன், நீ? காய்ச்சலிலும் அதைத்தான் சொல்வான், கடித்த காலோடும் அதைத்தான் சொன்னான், தலைக்கு மேல் தண்ணீர் போனபோதும் அதையேதான் தட்டியிருப்பான், மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

"நல்லா இருக்கியாம்ல," என்றாள் ஜன்னலைப் பார்த்து. "நல்லா இருக்கிற ஆளு வீட்டுக்கு வரவேண்டியதுதானே. நாளைக்கு மெஷினை விட்டு வாரப்போறாங்க உன்னை."

டொக். டொக்.

அவள் கத்திரிக்கோலை ஓங்கினாள்.

டிங். டிங். டிங்.

தவளைச் சத்தம் நின்றது.

அப்படியொரு அமைதியை அந்த ஜன்னல் கண்டதில்லை. ஓடைப் பக்கம் எதுவும் தட்டவில்லை. நாணலின் விளிம்பு மட்டும் ஓர் இடத்தில் மெல்ல விலகி மூடிக்கொண்டது. பிறகு சற்றுத் தள்ளி இன்னோர் இடத்தில். பிறகு நெடுக. காற்றே இல்லை. தண்ணீரிலிருந்து கனமான எதையோ பிடுங்குவதுபோல் ஒரு சத்தம், வேர்கள் ஒவ்வொன்றாக அறுபடும் சத்தம், கேட்டு ஓய்ந்தது.

தெருவிளக்கு எரிந்தது. கீழே தெரு காலியாக இருந்தது. ஆனால் ஈரமாக இருந்தது.

வாசனை முதலில் வந்தது. கையுறையில் இருந்த அதே சேறு. ஆனால் பழையது. மிகப் பழையது.

கீழ்க்கதவு திறந்தது.

சளக். படியில் ஈரக் கால். சளக்.

அவள் முதுகைக் கதவுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பலாம். ஆனால் தட்டியவர் அசையக் கூடாது. அவன் சொன்ன விதி. எத்தனை முறை புதியவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"வந்துட்டியா?" என்றாள். "கால் துடைச்சியா?"

சளக். அறைக்குள். மூச்சுச் சத்தம் இல்லை. தரையில் நீர் சொட்டியது.

தோளில் ஒரு கை விழுந்தது.

குளிர் சட்டையைத் தாண்டி எலும்பில் இறங்கியது. அவள் அந்தக் கையைப் பற்ற, தன் கையை மெல்ல உயர்த்தினாள். விரல்கள் தட்டுப்பட்டன. கொக்குக்கு நீளமான விரல்கள். தையல் பழகாத, காய்ப்பு ஏறிய விரல்கள்.

இது சின்னக் கை.

பால் பற்கள் விழும் வயதுக் குழந்தையின் கை. விரலிடுக்கில் வேர்.

மறு தோளில் இன்னொரு கை விழுந்தது. அதில் வளையல்கள் இருந்தன.

சளக். படியில் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள். சளக். சளக். கேட்டவர்கள் அத்தனை பேரும் வர வேண்டும். முழங்கையில் ஒன்று. கழுத்தில் ஒன்று. தலைமுடியில் ஒன்று, தடவிப் பார்ப்பதுபோல.

அப்போது, வெகு தூரத்தில், ஓடைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. அவன் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தட்டாதது.

டொக். டொக். டொக்.

அவள் எழப்பார்த்தாள். ஒரு கையும் விடவில்லை.