ஆட்டுக் கொட்டாய்க் கதவு கடலுக்குப் போனது

அகத்தாவுக்குப் பேதுரு என்று பட்டப்பெயர் வைத்தவள் பேட்ரிசியா. அதற்கு அகத்தாவின் வாய்தான் காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுங்கைப் பட்டாணி கோயிலில் பூசை முடிந்து ஞானோபதேச வகுப்பு நடந்தது. உபதேசியார் ஏசுதாசன் பேதுருவின் கதையைச் சொன்னார். இயேசு கடல்மேல் நடந்து வந்தார். பேதுருவும் படகிலிருந்து இறங்கி நடந்தார். பாதியில் பயந்தார், முங்கப் பார்த்தார்.

"அதனால, தண்ணி மேல நிக்க மனுசனால ஆகாது" என்று முடித்தார் உபதேசியார்.

அகத்தா கையைத் தூக்கினாள்.

"ஆகும் சார். எங்க தோட்டத்து மண்டபத்து டிவியில பார்த்தேன். ஒருத்தர் கடல் மேல நின்னுக்கிட்டே வந்தாரு."

"படகுலயா?"

"இல்ல சார், வெறும் பலகை. துடுப்பு இல்ல, எஞ்சின் இல்ல. அலைதான் தள்ளிக்கிட்டு வந்துச்சு."

வகுப்பு சிரித்தது. பேட்ரிசியா திரும்பிப் பார்த்தாள். அவள் அகத்தாவின் மாமன் மகள். நகரத்தில், பாக்கார் ஆராங்கில் வரிசை வீட்டில் இருப்பவள். காரில் கோயிலுக்கு வருபவள்.

"நீ நிப்பியா?" என்று கேட்டாள்.

"பலகை இருந்தா நிப்பேன்."

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். அகத்தா மூடவில்லை. "வேணும்னா பந்தாய் மெர்டேக்கா கடற்கரையில நின்னு காட்டுறேன்" என்றாள்.

உபதேசியாருக்கு வேடிக்கையாக இருந்தது. "சரி. ஈஸ்டருக்கு மறுநாள் எல்லாரும் அங்கதானே போறோம். நின்னு காட்டு" என்றார்.

அன்றிலிருந்து அவள் பேதுரு. சிடாம் கிரிப் பக்கத்தில் அவள் இருந்த ரப்பர் தோட்டம் வரைக்கும் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. பள்ளியில், "பேதுரு, முங்கிட்டியா?" என்றார்கள். மளிகைக்கடைக்காரர்கூட, "பேதுருவுக்கு ஒரு கட்டி சவுக்காரம் போடு" என்றார்.

தம்பி சில்வெஸ்டர் கவலைப்பட்டான். "நீ நிக்கலன்னா அவ்வளவுதான்க்கா. கல்யாணப் பத்திரிகையில கூடப் பேதுருன்னுதான் போடுவாங்க."

நிற்க வேண்டும். அதற்குப் பலகை வேண்டும். அகத்தாவிடம் இருந்தது ஒரு மைலோ டின். அதில், ரப்பர் கொட்டை பொறுக்கி விற்ற காசு எட்டு வெள்ளி.

சுங்கைப் பட்டாணிக் கடைகளில் விசாரித்தாள். ஒரு கடைக்காரர் துணி தேய்க்கும் பலகையைக் காட்டினார். இன்னொருவர் சவப்பெட்டிக் கடைக்குப் போகச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து உதவி மானேஜரான சின்னத் துரை வேலையை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். அவர் வீட்டுச் சாமான்களை லேலாங் விடுவதாகத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி இராசையா சொல்லி அனுப்பினார். லேலாங் என்றால் ஏலம். தோட்டமே துரை பங்களாவின் முன்னால் கூடிவிட்டது.

கட்டில், மேசை, குளிர்பெட்டி. அவற்றுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்தபடி இரண்டு அலைப்பலகைகள்.

ஒன்று சிவப்பு. குட்டையாக, ஒல்லியாக, கூரிய மூக்கோடு இருந்தது. நடுவில் வெள்ளைக் கோடு. டிவியில் வந்தது மாதிரியே இருந்தது.

மற்றது பழசு. நீளம், அகலம், கனம். வெள்ளை நிறம் பழுத்து மஞ்சளாகியிருந்தது. ஓரத்தில் ஒட்டுப் போட்ட தழும்பு.

"இதுல எத்தனை பேரு உக்காந்து சாப்பிடலாம்?" என்று கேட்டார் ஒருவர்.

"அடியில கோடரி மாதிரி இருக்கே, அது எதுக்கு?" என்றார் இன்னொருவர்.

"சின்னத் துரை இதை வச்சு என்னதான் செஞ்சாரு?"

"கொண்டு வந்து சுவத்துல சாத்துனாரு" என்றார் தோட்டக்காரர். "இந்தக் கடல்ல அலையே இல்லைன்னு தினம் புலம்புவாரு."

அது அகத்தாவின் காதில் விழவில்லை. அவள் சிவப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிவப்புதான்க்கா" என்றான் சில்வெஸ்டர். "அதை எடுத்துக்கிட்டுப் போனாலே பேட்ரிசியா அக்கா வாயை மூடிக்கும்."

"பலகை அழகா இருக்கு. ஆனா நிக்கப்போறது நான் இல்லையா" என்றாள் அகத்தா.

அவளுக்குத் தன் வீட்டுக் கால்வாய் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கும் கக்கூசுக்கும் நடுவே ஓடும் கால்வாய் அது. அப்பா முதலில் அதன்மேல் ஒல்லியான பலகையைப் போட்டார். குடும்பத்தில் எல்லாரும் ஒரு தடவையாவது விழுந்தார்கள். அப்பா இரண்டு தடவை விழுந்தார். பிறகு அகலமான பலகை வந்தது. அதன் பிறகு யாரும் விழவில்லை.

அவள் கிராணியிடம் போனாள். "ஐயா, ரெண்டையும் மீன்குளத்துல போட்டுப் பார்க்கலாமா?"

கிராணி இராசையா யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ஏன் பிள்ளை, இது என்ன கருவாடோ, முகர்ந்து பார்த்து வாங்க?"

"மிதக்குதான்னு பார்க்கணும் ஐயா."

"சரி, பாரும். துடைச்சுத் திரும்ப வையும்."

பங்களாவின் மீன்குளம் இடுப்பளவு ஆழம். சிவப்புப் பலகையை மிதக்கவிட்டு, சில்வெஸ்டரை ஏறச் சொன்னாள். அவன் ஏறினான். பலகை ஒருபக்கம் போனது, அவன் மறுபக்கம் போனான். எழுந்தபோது தலையில் ஆகாயத்தாமரை இருந்தது.

"இன்னொரு தடவை ஏறு."

"நீ ஏறு."

அவள் ஏறினாள். அவளுக்கும் ஆகாயத்தாமரைதான்.

பிறகு மஞ்சள் பலகை. அதில் சில்வெஸ்டர் ஏறினான். உட்கார்ந்தான். காலை நீட்டிப் படுத்தான். "அக்கா, நம்ம வீட்டுக் கட்டிலே இவ்வளவு ஆடாம இருக்காது" என்றான்.

அகத்தா ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் அழுத்தினாள். உள்ளே போகவில்லை. தண்ணீரும் கசியவில்லை. சிவப்புப் பலகையை ஒரு தடவை பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "மஞ்சளே இருக்கட்டும்" என்றாள்.

லேலாங்கில் சிவப்புப் பலகை முதலில் வந்தது. மருதம்மாள் அக்கா அதை எடுத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "மோர்மிளகா காய வைக்க" என்றார்.

அடுத்தது மஞ்சள்.

"நாலு வெள்ளி" என்றாள் அகத்தா.

"அஞ்சு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அகத்தா திரும்பிப் பார்த்தாள். அய்யாவு மாமா. தோட்டத்தில் ஆடு வளர்ப்பவர்.

"ஆறு" என்றாள்.

"ஏழு."

"எட்டு" என்றாள். மைலோ டின் முடிந்தது.

அய்யாவு மாமா தாடையைச் சொறிந்தார். அவர் அடுத்து வாயைத் திறந்தால் அவ்வளவுதான். அகத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் ஓடினாள்.

"மாமா, உங்களுக்கு எதுக்கு இது?"

"கொட்டாய்க்குக் கதவு வேணும்மா. மரக்கதவ ஆடுங்க முட்டி முட்டி ஒடச்சிடுச்சுங்க. நாத்தங்கால்ல இனி ஒரு ஆட்டப் பார்த்தாலும், ஆடே வளர்க்கக் கூடாதுன்னுட்டாரு பெரிய துரை. இதப் பாரு, நீளம் இருக்கு, அகலம் இருக்கு, கனம் இருக்கு. இது கதவு இல்லாம வேற என்ன?"

அவள் தேடிய மூன்றும் அதே மூன்றுதான். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"மாமா, நாம ரெண்டு பேரும் ஏத்திக்கிட்டே போனா சின்னத் துரைக்குத்தான் லாபம். அவரு ஆஸ்திரேலியாவுல இருக்காரு. அவருக்கு எதுக்கு நம்ம காசு?"

"அதுவும் சரிதான். அதுக்கு?"

"பாதி நீங்க போடுங்க, பாதி நான் போடுறேன். வருசம் பூரா உங்களுக்குக் கதவு. ஈஸ்டருக்கு மறுநாள் மட்டும் எனக்குப் பலகை."

"அன்னிக்கு ஆடுங்க?"

"அன்னிக்கு மட்டும் பார்த்துக்கங்க மாமா. ஒரு நாள்தானே. இன்னொண்ணு, ஆணி அடிக்கக் கூடாது. ஓட்டை விழுந்தா தண்ணி குடிச்சிடும்."

"ஆணி இல்லாம எப்படிக் கதவு நிக்கும்?"

"சைக்கிள் டியூப்பால கட்டலாம்."

கிராணி மேசையைத் தட்டினார். "அங்க என்ன, கலியாணப் பேச்சோ? எட்டு வெள்ளி. யாரும் கூடக் கேக்கிறீங்களோ?"

அய்யாவு மாமா தலையை ஆட்டினார். இல்லை என்று.

பலகை ஆட்டுக் கொட்டாய்க்குப் போனது. வீட்டில் அம்மா ஜோசபின் மட்டும் முணுமுணுத்தார். "எம் மக சம்பாதிச்ச முதல் சொத்து, பாதிக் கதவு."

தினமும் பள்ளி முடிந்ததும் அகத்தா கொட்டாய்க்குப் போய்விடுவாள். ஆடுகளை ஒரு மூலையில் கட்டிவிட்டு, டியூப்பை அவிழ்ப்பாள். அடியிலிருந்த கோடரி ஒடியாமல் இருக்க, தவிட்டு மூட்டைகளின் மேல் பலகையை வைப்பாள். குப்புறப் படுப்பாள். கையால் துழாவுவாள். சட்டென்று எழுந்து நிற்பாள்.

முதலில் விழுந்தாள். பிறகும் விழுந்தாள். விழுகிற இடம் ஆட்டுக் கொட்டாய் என்பதால் சீக்கிரம் விழாமல் நிற்கக் கற்றுக்கொண்டாள்.

ஒருநாள் கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்த கிடா ஒன்று பலகையின்மேல் ஏறியது. நான்கு காலையும் விரித்து, லேசாக மடக்கி, அசையாமல் நின்றது. அசை போட்டது.

"பாருக்கா, உன்னை விட நல்லா நிக்குது" என்றான் சில்வெஸ்டர்.

அகத்தா பார்த்தாள். அடுத்த தடவை அவளும் காலை விரித்து, முட்டியை மடக்கி நின்றாள். சரியாக இருந்தது. அசை மட்டும் போடவில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் விடிகாலையில் தோட்டத்து லாரி வந்தது. அகத்தா கதவை அவிழ்த்தாள். அய்யாவு மாமா ஓர் ஆட்டுக்கயிற்றைக் கொண்டு வந்து பலகையைச் சுற்றிக் கட்டி, மறுநுனியைச் சில்வெஸ்டரின் கையில் கொடுத்தார்.

"என் கதவு கடலோட போயிடக் கூடாது. பிடிச்சுக்க."

"அக்கா போயிட்டா?"

"உங்கக்காவுக்கு நீந்தத் தெரியும்."

"நீங்க எப்படி மாமா சமாளிப்பீங்க?" என்று கேட்டாள் அகத்தா.

"வாசல்ல ஒரு சாக்கத் தொங்க விட்டுக்கறேன். நீ போ."

பந்தாய் மெர்டேக்காவில் எல்லாரும் கரையில் கூடினார்கள். பேட்ரிசியா ஒரு குடையின் கீழே உட்கார்ந்திருந்தாள். "பேதுரு வந்தாச்சு. ஏன் மூஞ்சி அப்படி இருக்கு? ஆட்டு நாத்தம் வேற வருது."

அகத்தா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் சும்மா கிடந்தது. குழம்புச் சட்டி கொதிப்பதற்கு முன்னால் கிடப்பது மாதிரி கிடந்தது. கரையில் ஓர் அலை வந்து கணுக்காலைத் தொட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது போலப் போனது.

சின்னத் துரை புலம்பியது இதைத்தான்.

அவள் இடுப்பளவு தண்ணீரில் பலகையோடு நின்றாள். காத்திருந்தாள். கரையில் எல்லாரும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். உபதேசியார் வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "போதும்மா, வந்து சாப்பிடு. நீ சொன்னதே பெரிசு" என்றார்.

"பேதுரு முங்கக்கூட இல்ல" என்றாள் பேட்ரிசியா. சிரிப்பு எழுந்தது.

அகத்தா பலகையின் ஓரத்தைப் பிடித்தாள். கரைக்குத் திரும்பலாம் என்று நினைத்தாள். அப்போது ஆறு கடலில் கலக்கும் இடத்தின் எதிர்க்கரையில், தஞ்சோங் டாவாய் மீனவர் ஊரிலிருந்து ஒரு பெரிய மீன்பிடிப் படகு தடதடவென்று கடலுக்குப் போவதைப் பார்த்தாள். படகு போய்விட்டது. அதன் பின்னால் தண்ணீர் மடிந்து, மேடாகி, இந்தப் பக்கம் நகர்ந்து வந்தது.

"தம்பி, கயித்தை லூசா விடு."

அவள் பலகையில் குப்புறப் படுத்தாள். கரையைப் பார்த்துக் கையால் துழாவினாள். பின்னாலிருந்து யாரோ தூக்குவது போல இருந்தது. எழுந்தாள். காலை விரித்தாள். முட்டியை மடக்கினாள்.

நின்றாள்.

பலகை தானாக நகர்ந்தது. சில்வெஸ்டர் கயிற்றைப் பிடித்தபடி, ஆட்டை மேய்ப்பவன் மாதிரி தண்ணீரில் கூடவே ஓடிவந்தான். உபதேசியாரின் கையில் சோறு அப்படியே நின்றது. பலகை மணலில் முட்டியதும் அகத்தா முன்பக்கமாக விழுந்தாள். ஆனால் அது கரை. கரையில் யார் வேண்டுமானாலும் விழலாம்.

"ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்ற நேரம் நின்னா" என்றார் உபதேசியார். "நான் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்."

பேட்ரிசியா குடையை மடக்கினாள். மெதுவாக வந்து பலகையைத் தொட்டுப் பார்த்தாள். "நான் ஏறலாமா?"

ஆட்டு நாற்றத்தைப் பற்றிக் கேட்டுவிடலாம் என்று அகத்தாவுக்கு நாக்கு துடித்தது. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டாள். "காலை விரிச்சு நிக்கணும்" என்றாள். "அடுத்த படகு வரட்டும். நான் தள்ளி விடுறேன்."

பேட்ரிசியா நிற்கவில்லை, முங்கினாள். மூக்கில் தண்ணீரோடு எழுந்து, "இன்னொரு தடவை" என்றாள். அன்று முழுவதும் பிள்ளைகள் வரிசையில் நின்று, மீன்பிடிப் படகுகளுக்குக் கை காட்டினார்கள். பேதுரு என்ற பெயரை யாரும் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை.

லாரி தோட்டத்துக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அகத்தாவும் சில்வெஸ்டரும் பலகையைத் தூக்கிக்கொண்டு கொட்டாய்க்கு ஓடினார்கள்.

வாசலில் சாக்கு இல்லை. அதன் கடைசித் துண்டு கிடாவின் வாயில் இருந்தது. வாசலில் அய்யாவு மாமா நின்றார். இரண்டு கையையும் இரண்டு பக்கத்துக் கம்பங்களிலும் ஊன்றி, காலை விரித்து, முட்டியை மடக்கி நின்றார். பின்னாலிருந்து ஆடுகள் அவரை முட்டிக்கொண்டிருந்தன.

"நின்னியா?" என்று கேட்டார்.

"நின்னேன் மாமா. ஒரு செபம் சொல்ற நேரம்."

"நான் காலையில இருந்து நிக்கிறேன்" என்றார் அய்யாவு மாமா. "கதவ மாட்டு."