மாற்றாள்

தறியை இன்னும் ஓட்டவில்லை. ஆனால் அவள் செருப்புக்கு அடியில் தரை அதிர்ந்துகொண்டிருந்தது.

காது போன பிறகு அவளுக்குக் கால்தான் துப்புச் சொல்லும். கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள். வெளியே லாரி போகுமாயிருக்கும் என்று அவன் வாயசைத்தான்.

புகைபோக்கிகள் மட்டும் மிஞ்சிய ஆலை நகரம் அது. இந்த ஆலை மூடி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இப்போது டிக்கெட் எடுத்துச் சுற்றிப் பார்க்கிற இடம். இரும்புத் தூண்கள் வரிசை வரிசையாக உள்ளே போய் மங்கின, ரம்பப் பற்கள் போன்ற கூரையின் கண்ணாடிகளிலிருந்து மதிய வெளிச்சம் பாத்திரம் கழுவிய தண்ணீர்போல இறங்கியது, பழைய எண்ணெயும் பஞ்சுத்தூசியும் தொண்டையில் ஒட்டின. மகள் ஒவ்வொரு தூணாகத் தொட்டுக்கொண்டு முன்னால் ஓடினாள்.

வழிகாட்டி பழைய வழக்கங்களைச் சொன்னார். அவள் அவர் உதடுகளையே பார்த்தாள். தறிகளின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. அதனால் இங்கிருந்த பெண்கள் குரலே எழுப்பாமல், வாயசைத்தே ஊர்க்கதை முழுக்கப் பேசித் தீர்த்தார்களாம். ஷிப்ட் முடிந்தாலும் மாற்றாள் வந்து நிற்காமல் யாரும் தறியை விட்டு நகரக் கூடாதாம்.

"இங்க வேலைக்கு லாயக்கு நீ ஒருத்திதான்," என்றான் கணவன். அவளும் சிரித்தாள்.

வழிகாட்டி பொத்தானை அழுத்தினார். ஒரு தறி மட்டும் ஓடியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவளுக்குத் தரையின் அதிர்வு முழங்கால் வரை ஏறியது.

ஓடாத வரிசையில், கடைசித் தறிக்குப் பின்னால், ஒரு பெண் நின்றாள். முடியெல்லாம் பஞ்சு. பார்க்க வருகிறவர்களுக்காக வேஷம் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

அந்தப் பெண் வாயசைத்தாள். "மாத்த வந்தியா?"

இத்தனை தெளிவான உதடுகளை அவள் பார்த்ததே இல்லை. தானும் குரலெழுப்பாமல் பதில் சொன்னாள்.

"இல்லக்கா. பொண்ணைக் கூட்டிட்டு வந்தேன்."

அந்தப் பெண் தலையாட்டினாள். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்தாள். மடித்து வைத்தாள். சுவரை நோக்கி நடந்தாள். சுவரில் கதவு இல்லை. பிறகு அவளும் இல்லை.

தறி நின்றது. தரையின் அதிர்வு நிற்கவில்லை.

மகளைக் காணோம். தூண். தூண். தூண்.

கடைசித் தறியில் நின்றாள் மகள். முடியில் பஞ்சு. இல்லாத நூலுக்கு அவள் விரல்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. கணவன் மகளைப் பார்க்காமலே அவளை உரசிக்கொண்டு, அவள் பெயரைக் கத்தியபடியே, அடுத்த வரிசைக்கு ஓடினான்.

மகளின் உதடுகள் அசைந்தன. "நகரக் கூடாதாம், அம்மா."

மகளைச் சுற்றிலும், ஓடாத தறிகள் நெடுகத் தலைகள் நிமிர்ந்தன. பஞ்சு படிந்த முகங்கள். எல்லா வாயும் ஒரே கேள்வியைக் கேட்டன.

"இன்னொரு பிள்ளை இருக்கா?"